'ஜண்டா' என்ற ஒரு சொல்: மலாய் ஆவணங்களோடு கனடாவுக்குப் போன ஒரு விண்ணப்பம்

நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, இப்போது தனியாக ஆவண மொழிபெயர்ப்பு செய்கிறேன். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், நீதிமன்ற ஆணை, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் வரும். மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குத்தான் அதிகம். கீழே உள்ளது, மனைவியைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள ஒரு தம்பதி போட்ட விண்ணப்பத்தின் கதை; 2022, 2023 ஆண்டுகளில் நடந்தது. கோப்பு என் கைக்கு வந்தது பாதி வழியில்தான். சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

மனைவி மலேசியர். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு கிள்ளான் பக்கம் வேலைக்கு வந்தவர். முதல் திருமணம் ஆறு ஆண்டுகள் நீடித்தது. பிள்ளைகள் இல்லை. 2019-ல் இருவரும் சேர்ந்தே மனுப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்றார்கள். முதல் கணவர் வேறு மாநிலத்தில் மறுமணம் செய்துகொண்டு நலமாக இருக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார் என்பது இந்தக் கதையில் முக்கியம்.

இப்போதைய கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரோடு கனடாவுக்குப் போனவர். கனடியக் குடியுரிமை பெற்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறார். தொற்றுக்காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்து 2022 ஏப்ரல் 1-ல் மலேசியா எல்லையைத் திறந்ததும் வந்தார். ஜூன் மாதம் தேசியப் பதிவுத் துறையில் (ஜேபிஎன்) திருமணம் பதிவானது. மாலை மாற்றல் உறவினர் வீட்டு வாசலில், நாற்பது பேரோடு. அவர் திரும்பிப் போய், மனைவியை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் விண்ணப்பத்துக்கு ஆயத்தம் செய்தார்.

முதல் மொழிபெயர்ப்பு

கனடியக் குடிநுழைவுத் துறை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஒவ்வொரு தாளுக்கும் மொழிபெயர்ப்புக் கேட்கும். மனைவியிடம் மலாயில் மூன்று தாள்கள் இருந்தன: பிறப்புப் பத்திரம், புதிய திருமணப் பத்திரம், முதல் திருமணத்தை முடித்த நீதிமன்ற ஆணை.

குடும்பம் முதலில் செய்தது, மூன்றையும் எடுத்துக்கொண்டு புத்ராஜெயாவுக்குப் போய், வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் முத்திரை வாங்கியது. 'வெளிநாட்டுக்குப் போகிற பேப்பர் எல்லாத்துக்கும் விஸ்மா புத்ரா சாப் வேணும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் விடுப்பு போயிற்று. ஜெர்மனி போன்ற நாடுகளின் அலுவலகங்கள் இப்படிப்பட்ட சான்றைக் கேட்பதுண்டு. கனடியக் குடிநுழைவு விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த முத்திரை, தாளில் கையெழுத்திட்ட அதிகாரி உண்மையான அதிகாரிதான் என்பதற்கு மட்டுமே சாட்சி. தாளில் உள்ள சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. முத்திரை விழுந்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது என்று குடும்பம் நினைத்தது. மொழிபெயர்ப்பில் அக்கறை குறைந்ததற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மொழிபெயர்ப்பு ஒரு கடையில் நடந்தது. நகலெடுப்பது, விசா பாரம் நிரப்புவது, பாஸ்போர்ட் படம் எடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். மாலையில் கொடுத்து மறுநாள் வாங்கினார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு' என்று ஆங்கிலத்தில் ஒரு ரப்பர் முத்திரை, கடையின் தொலைபேசி எண், ஒரு கிறுக்கல் கையெழுத்து. யார் மொழிபெயர்த்தார் என்று பெயர் இல்லை.

விண்ணப்பம் 2022 நவம்பரில் போனது. கணவருக்கு மலாய் தெரியாது. மனைவி மலாய்த் தாளை மட்டும் சரிபார்த்தார். ஆங்கிலத் தாளை யாருமே வரிவரியாகப் படிக்கவில்லை.

கடிதம்

2023 ஜூலையில் குடிநுழைவு அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆலோசகர்கள் 'பிஎஃப்எல்' என்று சுருக்கிச் சொல்வார்கள். விண்ணப்பத்தை மறுக்கும் முன், அதிகாரிக்கு எழுந்த சந்தேகத்தைச் சொல்லி, பதில் கொடுக்க வாய்ப்புத் தரும் கடிதம் அது. இவர்களுக்கு 30 நாள் தரப்பட்டிருந்தது.

சந்தேகங்கள் இரண்டு. விண்ணப்பப் பாரத்தில் மனைவி முன்பு மணவிலக்குப் பெற்றவர் என்று இருக்கிறது. திருமணப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பிலோ அவர் விதவை என்று இருக்கிறது. இது ஒன்று. இணைத்திருக்கும் நீதிமன்ற ஆணை இறுதியானதாகத் தெரியவில்லை. ஆகவே இரண்டாம் திருமணத்தின்போது முதல் திருமணம் சட்டப்படி முடிந்திருந்ததா என்பது இன்னொன்று. முக்கியமான விவரத்தைத் தவறாகச் சொல்லியிருப்பதாக முடிவானால் கனடியக் குடிநுழைவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு பொருந்தும் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பிரிவின்படி 5 ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் வர முடியாது.

நான்காம் நாள் மனைவியும் அவருடைய அம்மாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அந்த ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "உசுரோட இருக்கிற புள்ளய சாவடிச்சிட்டாங்களேம்மா" என்றார். பிரிந்துபோன மருமகன் என்றாலும் அந்தச் சொல் அவரை உலுக்கிவிட்டது. மகள் எதுவும் பேசவில்லை. அன்றிரவு ஸ்கார்பரோவிலிருந்து கணவர் அழைத்தார். "ஒரு சொல்லாலயோ அக்கா இவ்வளவு பிரச்சினை?" என்று கேட்டார். ஆமாம், ஒரு சொல்லால்தான்.

தாள்களில் நான் கண்டவை

திருமணப் பத்திரத்தில் மணமகளின் திருமண நிலைக்கான கட்டத்தில் 'ஜண்டா' என்று அச்சாகியிருந்தது. மலாயில் ஜண்டா என்றால், திருமணமாகி இப்போது கணவர் இல்லாத பெண். கணவர் இறந்திருக்கலாம், மணவிலக்கு ஆகியிருக்கலாம். சொல் இரண்டையும் மூடும். பேச்சு வழக்கில் மணவிலக்குப் பெற்றவரைத்தான் அதிகம் குறிக்கும். கணவரை இழந்தவரை மட்டும் சுட்ட 'பாலு' என்று தனிச் சொல் இருக்கிறது. ஆண்களுக்கு 'டூடா', அதுவும் இருபொருள்தான். கடைக்காரர் ஜண்டாவை விதவை என்று மாற்றிவிட்டார். அன்று என் கைபேசியில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் நானும் போட்டுப் பார்த்தேன். விதவை என்ற ஒரே விடைதான் வந்தது. கடையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க அதற்கு மேல் தேவைப்படவில்லை.

நீதிமன்ற ஆணை இன்னும் மோசம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி நீதிமன்றம் முதலில் தருவது 'தெக்ரி நிசி', அதாவது நிபந்தனைக்குட்பட்ட ஆணை. பொதுவாக மூன்று மாதம் கழித்து அது 'முத்லாக்', அதாவது முழுமையானதாக ஆகும். அதற்குத் தனியே ஒரு சான்றிதழ் உண்டு. குடும்பம் கடையில் கொடுத்தது முதல் தாளை மட்டும்தான். அதில், மூன்று மாதத்துக்குள் போதிய காரணம் யாரும் காட்டாவிட்டால் ஆணை முழுமையாகும் என்ற வாசகம் தெளிவாக இருந்தது. கடையின் மொழிபெயர்ப்பில் அந்த வாசகம் பாதியில் நின்றுபோயிருந்தது. தலைப்பில் 'மணவிலக்குச் சான்றிதழ்' என்று போட்டிருந்தார்கள். பாரத்திலும் மணவிலக்குத் தேதியாக நிசி கொடுத்த மே மாதத் தேதியே இருந்தது. உண்மையில் திருமணம் முடிந்தது ஆகஸ்டில்.

அதிகாரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் சந்தேகப்பட்டது நியாயம். கையில் ஒரு விதவை, முடியாத ஒரு மணவிலக்கு, அதன்மேல் ஒரு புதிய திருமணம்.

அவர் கேட்காத பிழைகளும் இருந்தன. பாஸ்போர்ட்டில் மனைவியின் பெயர் தன் பெயர், ஏ/பி, தந்தை பெயர் என்று இருக்கிறது. மலேசியத் தமிழருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: ஏ/பி என்பது 'அனாக் பெரம்புவான்', மகள், ஏ/எல் என்பது 'அனாக் லெலாக்கி', மகன். கடை மொழிபெயர்ப்பின் ஒரு தாளில் அது 'இன்னாரின் மகள்' என்று முழு ஆங்கிலமாகவும், இன்னொன்றில் டி/ஓ என்றும் மாறியிருந்தது. ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். முத்திரைகள் எதையும் மொழிபெயர்க்கவில்லை. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத முத்திரைகளையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று கனடிய விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

எடுத்த முடிவுகள்

முதலில் பேசியது, திருமணப் பத்திரத்தையே மாற்றக் கேட்பதா என்று. மனைவியின் அண்ணன் அதில் உறுதியாக இருந்தார்: "ஜேபிஎன்ல போயி அந்தச் சொல்ல எடுக்கச் சொல்லுவோம்கா." வேண்டாம் என்றேன். மூலத்தில் பிழையே இல்லை. பிழையில்லாத தாளைத் திருத்தக் கேட்டால் 30 நாளும் அதிலேயே கரையும். சந்தேகக் கடிதம் வந்த பிறகு திருமணப் பத்திரம் மாறினால், அதிகாரிக்குக் கேட்க இன்னொரு கேள்வியும் கிடைக்கும்.

அடுத்து, யார் மொழிபெயர்ப்பது. மனைவியின் அக்காள் இடைநிலைப்பள்ளியில் மலாய் ஆசிரியை. என்னைவிட நல்ல மலாய் அவருடையது. ஆனால் குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்காது. மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, உறுப்பினர் எண்ணோடு முத்திரை வைத்திருப்பவரைத்தான் 'சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர்' என்று அங்கே கணக்கில் எடுப்பார்கள். அப்படி இல்லாதவர் செய்தால், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று சத்தியப்பிரமாணம் எடுத்து அதையும் இணைக்க வேண்டும். பிரமாணத்தை ஏற்பவருக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் உள்ள மலேசிய மொழிபெயர்ப்பு மற்றும் நூல் நிறுவனத்திடம் கொடுக்கலாமா என்றும் யோசித்தோம். 1993-ல் தேசிய மொழிபெயர்ப்பு நிறுவனமாகத் தொடங்கியது அது. அவர்களின் சான்றுக்கு மதிப்பு உண்டு. சாதாரண நேரமாக இருந்திருந்தால் அங்கேதான் அனுப்பியிருப்பேன். எங்களுக்கு நாள் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் சொல்லி மொழிபெயர்ப்பாளரே கையெழுத்திட வேண்டிய நிலை. நானே செய்து, நோட்டரி முன் பிரமாணம் எடுப்பது என்று முடிவானது.

ஜண்டாவை என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் போனது. 'மணவிலக்குப் பெற்றவர்' என்று நேரடியாக எழுதிவிடுங்கள், அதுதானே உண்மை என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மதிக்கும் மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் அதையேதான் சொன்னார்: ஆணை கூடவே இருக்கிறது, சூழல் பொருளைத் தீர்மானித்துவிட்டது, தயங்க வேண்டாம் என்று. என்னால் ஒப்ப முடியவில்லை. மூலத்தாள் அதைச் சொல்லவில்லை. தாளில் இல்லாததை முதல் ஆள் இட்டு நிரப்பியதால்தானே இந்தச் சிக்கல்? நானும் இட்டு நிரப்பி அது சரியாக இருந்துவிட்டால், என் வேலை அவருடையதைவிட எந்த வகையில் உயர்ந்தது? ஆகவே 'ஜண்டா' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தேன். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: முன்பு திருமணமாகி, மணவிலக்காலோ கணவரின் இறப்பாலோ அத்திருமணம் முடிந்த பெண், இவற்றில் எது என்பதை இந்த ஆவணம் குறிப்பிடவில்லை. எது என்பதை நீதிமன்றத் தாள்கள் சொல்லட்டும். அவற்றுக்குத்தான் அந்த அதிகாரம்.

பெயரில் ஏ/பி-யை எல்லாத் தாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விட்டேன். முதல் தடவை வருமிடத்தில் மட்டும் அதன் பொருளைக் குறிப்பாகச் சொல்லி, தந்தை பெயர் குடும்பப் பெயர் அல்ல என்றும் சேர்த்தேன்.

கடைக்காரரிடம், பிழை தன்னுடையது என்று ஒரு கடிதம் கேட்டுப் பார்த்தார்கள். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது என்றார்; கடிதம் தரவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றேன். எங்கள் பதில் மூலத் தாள்களின் பலத்தில் நிற்க வேண்டும். கடைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் நிற்கும் என்ற நிலை வரக்கூடாது.

அந்த 30 நாள்

முத்லாக் சான்றிதழ் மனைவியிடம் இல்லை. வழக்கறிஞரிடம் இருக்கும் என்று நினைத்தார். வழக்கறிஞர் அலுவலகம் இடம் மாறிவிட்டிருந்தது. நேராக நீதிமன்றப் பதிவகத்துக்குப் போய், வழக்கு எண்ணைக் கொடுத்து, கோப்பைத் தேடச் சொல்லி, சான்றிட்ட நகல் கேட்டோம். கிடைக்க 11 நாள் ஆயிற்று. அந்த 11 நாளில் மற்ற தாள்களை முடித்தேன்.

திருமணப் பத்திர நகலில் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை பாதி அழிந்திருந்தது. 'சாலினான் டியாக்குய் சா', அதாவது 'உண்மை நகல் எனச் சான்றளிக்கப்பட்டது' என்பது தெரிந்தது. அதிகாரியின் பெயரில் முதல் நான்கு எழுத்துதான் படிக்க முடிந்தது. படிக்க முடிந்ததை எழுதி, மீதிக்கு 'தெளிவில்லை' என்று குறித்தேன். கூட்டிப் படித்தால் பெயரை ஊகித்திருக்கலாம்; ஊகிக்கவில்லை.

இங்கே என் தவறு ஒன்றும் நடந்தது. 22-ஆம் நாள் நோட்டரி மேசையில் எல்லாத் தாளையும் பரப்பியபோது, அவர் நீதிமன்ற நகலைத் திருப்பினார். பின்பக்கத்தில் இன்னொரு முத்திரை, தேதியோடு. நான் முன்பக்கத்தை மட்டும் வருடியெடுத்து (ஸ்கேன் செய்து) வேலை செய்திருந்தேன். முழுமையான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் செய்ய வந்த இடத்தில் அது முழுமையாக இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்த்து, மறுநாள் திரும்ப வந்தேன். நோட்டரி பொறுமையானவர், ஒவ்வொரு பக்கத்திலும் குறியிட்டு, நான் எந்த நகலைப் பார்த்து மொழிபெயர்த்தேனோ அதையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்.

விளக்கக் கடிதத்தைக் கணவரும் மனைவியும் சேர்ந்து எழுதினார்கள். ஒன்றரைப் பக்கம். முதல் வரைவு நாலு பக்கம் இருந்தது. காதலித்தது, கோயிலுக்குப் போனது, அம்மா அழுதது எல்லாம் அதில் இருந்தன. அதிகாரி கேட்ட இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் இருக்கட்டும் என்றேன். முதல் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறாகப் பெயர்க்கப்பட்டது; முன்பு அனுப்பிய ஆணை இடைக்கால ஆணை; இறுதிச் சான்றிதழ் இப்போது இணைக்கப்பட்டுள்ளது; பாரத்தில் கொடுத்த தேதி நிசியின் தேதி, அதைத் திருத்திக்கொள்கிறோம். தேதிப் பிழை தங்களுடையது என்பதை மறைக்காமல் எழுதச் சொன்னேன். அதையும் கடைக்காரர் தலையில் போட்டிருந்தால் மற்றதன் நம்பகமும் போயிருக்கும்.

பதில் 26-ஆம் நாள் அனுப்பப்பட்டது.

விளைவு

இரண்டரை மாதம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு, நேர்காணல் ஏதும் கேட்காமலே, 2023 நவம்பரில் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மனைவி டொராண்டோ போய்ச் சேர்ந்தார். முதல் மொழிபெயர்ப்பு சரியாக இருந்திருந்தால் எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவில் அந்தப் பெண் எடை குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மாற்றிக்கொண்டவை

திருமணப் பத்திரம் கொண்டுவரும் எல்லாரிடமும் இப்போது முதலிலேயே கேட்கிறேன்: இதற்கு முன் திருமணம் நடந்ததா, அது எப்படி முடிந்தது, முடிந்ததற்கான கடைசித் தாள் கையில் இருக்கிறதா? கேட்கச் சங்கடமான கேள்விதான், அதுவும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அதனால் எழுத்தில் கேட்கிறேன். பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பித் தரலாம்.

விண்ணப்பப் பாரத்தையும் காட்டச் சொல்கிறேன். முன்பு கேட்கமாட்டேன், அது என் வேலையில்லை என்று நினைத்திருந்தேன். பாரமும் மொழிபெயர்ப்பும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருந்தால், விதவை என்ற சொல் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

எந்த நாட்டுக்கு என்று தெரியாமல் வேலையைத் தொடங்குவதில்லை. பிரிட்டனுக்கு மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு, அந்நாட்டுக்கு வெளியே செய்தால், மொழிபெயர்ப்பாளரின் முகவரி, தொலைபேசி, தகுதி, அனுபவம் எழுதியிருக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலும் அங்கே பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம்தான் போகச் சொல்வார்கள். ஒரு நாட்டுக்குச் செய்ததை இன்னொன்றுக்கு அப்படியே நீட்ட முடியாது.

எல்லாத் தாளின் பின்பக்கத்தையும் வருடியெடுக்கிறேன், வெறுமையாக இருந்தாலும்.

புறப்படும் முன் மனைவி பழைய மொழிபெயர்ப்பைக் கிழித்துப் போடப் போகிறேன் என்றார். அந்தத் தாள் வீட்டில் இருப்பதே அவர் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வைத்திருக்கச் சொன்னேன். அதன் பிரதி கனடியக் கோப்பில் இருக்கிறது. நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது யாராவது கேட்டால், எது முதலில் போனது, எது அதைத் திருத்தியது என்று இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இப்போது இரண்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன, புதியது மேலே.